ஒரே ஒரு சிப் போட்டேன், அது ரெய்ஸ் இல்லையாம்: போக்கர் போட்டி விதிகள் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

#1 கரிசல்காடு

வணக்கம். சான் ஹோசேயில் வேலை. நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆபீஸ் நண்பர்களோடு வீட்டில் போக்கர் ஆடுகிறேன். நோ லிமிட் ஹோல்டெம்தான்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து, எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். ஆளுக்கு இருபது டாலர், ஒரு தட்டு பக்கோடா, நிறைய சத்தம். ஓரளவு ஆடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் லாஸ் வேகாஸ் போனபோது, ஒரு கேசினோவில் தினமும் நடக்கும் 150 டாலர் போட்டியில் முதல்முறையாக உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை அவமானம்.

முதலாவது. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைக்க வேண்டிய தொகை, 200-400. எனக்கு இரண்டு ராஜா வந்தது. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆயிரத்துக்கு ரெய்ஸ் செய்யலாம் (பந்தயத்தை ஏற்றலாம்) என்று ஒரு ஆயிரம் சிப்பை எடுத்து முன்னால் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. சீட்டுப் போடும் டீலர் அம்மா "கால்" (அதாவது அந்த 400-க்கு ஈடு கொடுப்பது மட்டும்) என்று சொல்லிவிட்டு, 600-ஐ எண்ணி என் பக்கம் தள்ளினார். "இல்லைங்க, ரெய்ஸ்" என்றேன். "ஒற்றைச் சிப், சார்" என்றார். அவ்வளவுதான். பிக் பிளைண்டில், அதாவது அந்த 400-ஐ வைத்திருந்த பெரியவர், எதுவும் கூட்டாமல் சும்மா செக் செய்து உள்ளே வந்தார். ஃபிளாப்பில், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், 7, 3, 2. அவர் கையில் 7, 3. நான் ஆயிரம் வைத்திருந்தால் அவர் அந்தச் சீட்டைத் தொட்டிருக்கவே மாட்டார். என் சிப்பில் முக்கால்வாசி அங்கேயே போனது.

இரண்டாவது. என் நண்பனுக்கும் அதே மேசையில் இடம் கிடைத்தது. நான் ஒரு கையில் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டத்தில்) யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே சீட்டைப் போட்டுவிட்ட அவன் "பசிக்குது, சீக்கிரம் முடிடா" என்றான். நான் சிரித்தேன். டீலர் உடனே கையை உயர்த்தி, மேசைத் தகராறுகளைத் தீர்க்கும் ஃபுளோர் மேனேஜரைக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் எச்சரிக்கை. பசிக்கிறது என்று சொன்னதற்கா?

ஜூன் கடைசியில் திரும்பப் போகிறேன், 250 டாலர் போட்டி ஒன்று. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள். எப்படி ஆடுவது என்று வேண்டாம். எப்படி உட்கார்வது என்று சொன்னால் போதும்.

#2 மூன்றாவது_இருக்கை

ஏழு மூணுக்கு ராஜா ஜோடியைப் பறிகொடுத்தவருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

#3 பழைய_டீலர்

தம்பி கரிசல்காடு, நயாகரா பக்கம் ஒன்பது வருடம் மேசையில் சீட்டுப் போட்டவன் நான். உங்கள் முதல் கதையைக் குறைந்தது ஐந்நூறு தடவை கண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஆள் சொல்வது ஒன்றுதான்: "நான் ரெய்ஸ் செய்யப் போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியுமே!"

தெரியாது. ஆயிரம் சிப்பைப் போடுகிறவர்களில் பாதிப் பேர் 400-க்குச் சில்லறை இல்லாமல் போடுகிறவர்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் போடுவார்கள், முகத்தையும் ஒரே மாதிரித்தான் வைத்திருப்பார்கள். டீலர் மனதை வாசிக்க ஏலாது. அதனால்தான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்: வாய் திறக்காமல் ஒற்றைச் சிப் போட்டால், அது எவ்வளவு பெரிய சிப்பாக இருந்தாலும் கால். ரெய்ஸ் வேண்டும் என்றால் சிப் கையை விட்டுப் போகும் முன் "ரெய்ஸ்" என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் தொகையைச் சொல்ல வேண்டும். உங்கள் முறை வந்தபின் வாயால் சொன்னதுதான் சட்டம். சொல்லிவிட்டுப் பின்வாங்கவும் முடியாது.

பல சிப் போட்டால்? இதிலும் ஆட்கள் விழுவார்கள். உங்கள் முன்னால் ஒருவர் 1,200 வைத்திருக்கிறார். நீங்கள் பேசாமல் இரண்டு ஆயிரம் சிப் போடுகிறீர்கள். அது கால்தான். ஏனென்றால் ஒரு சிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் 1,200-க்குக் காணாது. அப்புறம் பாதிக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பிளைண்ட் 400, ஒருவர் 1,000-க்கு ரெய்ஸ். அதாவது 600 ஏற்றியிருக்கிறார். நீங்கள் திரும்ப ஏற்றினால் குறைந்தது 1,600 வைக்க வேண்டும். நீங்கள் கணக்குப் பிழைத்து ஒரு ஆயிரமும் மூன்று நூறும் வைத்துவிட்டீர்கள். ஏற்றிய 300, அந்த 600-இல் சரிபாதி. அப்போது 1,600 ஆக்கியே தீர வேண்டும். இரண்டு நூறுதான் வைத்தீர்கள் என்றால் பாதிக்குக் குறைவு, கால் ஆகிவிடும், 200 திரும்ப வரும்.

இந்த விதிகள் அந்த கேசினோவின் தனிச் சட்டம் இல்லை. முன்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. 2001-இல் மாட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜான் ஃபிஷர், டேவ் லாம் என்ற நான்கு பேர் சேர்ந்து போட்டி இயக்குநர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். டிடிஏ என்பார்கள். அவர்கள் எழுதி வைத்திருப்பதைத்தான் இன்று பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பின்பற்றுகிறார்கள்.

இரண்டாவது விசயம். தம்பி, உங்கள் நண்பன் என்ன சொன்னான்? "பசிக்குது" என்றதை விடுங்கள். "சீக்கிரம் முடிடா" என்றான். கையில் இல்லாத ஒரு ஆள், கையில் இருக்கிற ஆளிடம், முடி என்கிறான். ஆல்-இன் போடு, அதாவது எல்லாச் சிப்பையும் தள்ளு என்றும் அர்த்தம், சீட்டைப் போடு என்றும் அர்த்தம். ஒரு கைக்கு ஒரு ஆள் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. அதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாலும் நான் ஃபுளோரைக் கூப்பிட்டிருப்பேன்.

#4 கரிசல்காடு

அட! "முடிடா" என்றதை அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. அவனிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நான் பிரியாணியைத்தான் நினைச்சேன்" என்கிறான்.

ஆனால் ஒரு சந்தேகம். அந்த டீலருக்குத் தமிழ் தெரியாதே. பின் எதற்குக் கூப்பிட்டார்?

#5 பழைய_டீலர்

தெரியாததால்தான் கூப்பிட்டார். கை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் எந்த மொழியில் கதைக்கலாம் என்பதை அந்த இடத்துக்காரர் முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள். வேகாஸில் அது ஆங்கிலம். நீங்கள் நல்லதுதான் கதைத்திருப்பீர்கள். மற்ற ஏழு பேருக்கும் அது எப்படித் தெரியும்? அவர்களும் 150 டாலர் கட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது வருவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாம் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்த ஆட்கள். எதிரில் இருக்கிறவர் பார்ட்னர். இருமினால் ஒரு அர்த்தம், காதைச் சொறிந்தால் இன்னொரு அர்த்தம். கள்ள சைகை இல்லாமல் 304 ஆடிய வீட்டை நான் யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை. பிடிபட்டால் சித்தப்பா தலையில் ஒரு குட்டு வைப்பார், அதோடு முடிந்தது. போக்கரில் பார்ட்னரே கிடையாது. உங்கள் சொந்தத் தம்பி பக்கத்தில் இருந்தாலும் கையில் அவன் எதிராளி. அவனிடம் நல்ல கை இருப்பது தெரிந்து நீங்கள் அடிக்காமல் விட்டால்கூட அதற்குப் பெயர் இருக்கிறது, சாஃப்ட் பிளே. தண்டனையும் இருக்கிறது.

காசு மேசைக்கும் போட்டிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். காசு மேசையில் உங்கள் பிழைக்கு விலை கொடுத்துவிட்டு எழும்பிப் போகலாம். போட்டியில் சிப்பை வெளியே கொண்டுபோக முடியாது. உங்களிடமிருந்து போகிறதெல்லாம் அந்த மண்டபத்துக்குள்ளேயே இன்னொருவர் கைக்குப் போகிறது. நீங்கள் நண்பனுக்கு விட்டுக்கொடுத்த 5,000 சிப், அந்த மூலையில் உங்கள் முகத்தையே காணாத ஒரு ஆளை இரண்டு மணி நேரம் கழித்துத் தோற்கடிக்கும். நான் ஃபுளோரைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த மூலையில் இருக்கிற ஆளுக்காகத்தான் கூப்பிட்டேன்.

#6 டல்லாஸ்_அக்கா

பழைய டீலர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கரிசல். உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய வேலைகள்:

பெரிய சிப் முன்னால், எல்லோர் கண்ணுக்கும் படும்படி. சின்னச் சிப்புக்குப் பின்னால் 5,000 சிப்பை ஒளித்து வைப்பது திருட்டுத்தனம். மேசை மாற்றினால் கையில் ஏந்திக்கொண்டு போங்கள், தட்டில் வைத்துக்கொண்டு போங்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். பாக்கெட்டில் போன சிப் பறிபோகலாம்.

சீட்டின்மேல் ஏதாவது வையுங்கள். இது முக்கியம். ஓரத்து இருக்கையில், டீலருக்குப் பக்கத்தில், என் சீட்டைப் பாதுகாப்பில்லாமல் விட்டு வைத்திருந்தேன். டீலர் தெரியாமல் வாரி மற்ற சீட்டுகளோடு சேர்த்துவிட்டார். இரண்டு ஆஸ். ஃபுளோர் வந்து வருத்தப்பட்டார், அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சீட்டைக் காப்பது ஆடுபவரின் பொறுப்பு என்றுதான் விதி. போட்ட பணமும் திரும்ப வராது. அன்றிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்திருக்கிறேன், அந்தப் பெரிய சைஸ். ஒரு சிப்பை வைத்தாலும் போதும்.

எழுந்து போனால் சீட்டுப் போட்டு முடிப்பதற்குள் நாற்காலியில் இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் கை செத்தது. ஆனால் பிளைண்டும் ஆன்டியும் (பிளைண்டுக்கு மேல் ஒவ்வொரு கைக்கும் வைக்கும் கட்டாயத் தொகை) மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆன்டி இப்போதெல்லாம் ஆளாளுக்கு வைப்பதில்லை, பிக் பிளைண்டில் இருப்பவரே மேசை முழுக்கச் சேர்த்து வைக்கிறார். வசதிதான், ஆனால் சிப் குறைவாக இருக்கும்போது அந்த ஒரு கை பயங்கரமாக அடிக்கும்.

அப்புறம் குளித்துவிட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள். பத்து மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும்.

#7 அம்பத்தூர்_எக்ஸ்பிரஸ்

நடுவில் ஒரு கேள்வி. நான் சென்னையில் இருக்கிறேன். இதையெல்லாம் ஆன்லைனில் காசு கட்டி ஆடிப் பழகலாமா?

#8 டல்லாஸ்_அக்கா

வேண்டாம் தம்பி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தின்படி பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாமே தடை. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வாதமே அதில் செல்லாது. காசில்லாத செயலியில் ஆட்டம் பழகலாம். ஆனால் இந்த இழையில் பேசுவது எதையும் அங்கே கற்றுக்கொள்ள முடியாது. செயலியில் பட்டனை அழுத்தினால் அது ரெய்ஸ். கையில் சிப்பை வைத்துக்கொண்டு தடுமாறுவதெல்லாம் நேரில் மட்டும்தான்.

#9 வெறும்_வாசகன்

சூதாட்டத்துக்கு மரியாதை, ஒழுக்கம் எல்லாம் வேறா? தருமன் தொடங்கி வைத்த தலைவலி.

#10 பழைய_டீலர்

வாசகன் அண்ணை, சகுனி டிடிஏ விதியின்கீழ் ஆடியிருந்தால் முதல் உருட்டலிலேயே எழுப்பி அனுப்பியிருப்பார்கள். சொந்தத் தாயத்தைக் கொண்டுவர எவன் விடுவான்?

#11 மூன்றாவது_இருக்கை

எல்லாரும் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன். பேச்சை அடக்கிப் போட்டால் போக்கரில் என்ன இருக்கிறது? எல்லோரும் கறுப்புக் கண்ணாடி, தலையில் ஹூடி, காதில் ஹெட்ஃபோன். பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரிவதில்லை.

2006-இல் ஜேமி கோல்டு, வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டில், 8,773 பேர் ஆடியதில் முதலாவதாக வந்து 1.2 கோடி டாலர் ஜெயித்தார். வழி முழுக்கப் பேசியே ஜெயித்தார். தன் கையில் இருப்பதைப் பற்றி உண்மையும் சொல்வார், பொய்யும் சொல்வார், எதிரில் இருப்பவருக்குத் தலை சுற்றும். 2016-இல் வில் கசூஃப் அதே வேலையைச் செய்தார், ஒன்பதுக்கு மேல் எதுவும் இல்லாத வெறும் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை நல்ல கையைக் கீழே போட வைத்தார். இதெல்லாம் கலை. விதி போட்டுக் கொன்றுவிட்டார்கள்.

#12 டல்லாஸ்_அக்கா

கசூஃப் கடைசியில் எப்படி வெளியே போனார் என்பதையும் எழுதுங்கள். அவர் கையில் ராஜா ஜோடி, எதிரில் கிரிஃபின் பெஞ்சர் கையில் ஆஸ் ஜோடி. அது சீட்டின் கணக்கு, விடுங்கள். ஆனால் அதற்கு முன் சில நாட்களாக அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு கைக்கும் நிமிடக் கணக்கில் பேச்சு. பிளைண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்கும் கைகள் குறைந்துகொண்டே போகும். அவருடைய கலைக்கு மேசையில் இருந்த எல்லோரும் நேரத்தால் விலை கொடுத்தார்கள்.

பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊர், சினிமா, கிரிக்கெட் எல்லாம் பேசலாம். கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பேசாதீர்கள், அதுவும் மூன்று பேர் கையில் இருக்கும்போது. கீழே போட்ட சீட்டு எது என்றும் சொல்லக் கூடாது. ஃபிளாப்பில் மூன்று எட்டு வந்ததும் "சே, எட்டைப் போட்டுட்டேனே" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும் ஆட்கள் ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் உண்டு. அந்த ஒரு அடியில் கையில் இருப்பவர் எட்டு வைத்திருப்பதுபோல் நடிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல். ஒரு பெண் உட்கார்ந்தால் அவளுக்குப் பாடம் எடுக்க எங்கிருந்தோ ஒரு ஆசிரியர் முளைத்துவிடுவார். "அங்கே நீங்கள் கால் செய்திருக்கக் கூடாது மேடம்." அவருடைய சிப்பெல்லாம் என் முன்னால் இருக்கும், அப்போதும் பாடம் நிற்காது. மற்றவர் ஆடிய விதத்தை மேசையில் விமர்சிக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதை நான் ஒரு முறை டீலரிடம் அமைதியாகச் சொன்னேன். அதன்பின் அந்த மனிதர் வெளியே போகும்வரை வாயைத் திறக்கவில்லை. பொற்காலம்.

#13 கரிசல்காடு

ஸ்லோ ரோல் என்று எங்கோ படித்தேன். செய்தால் அடிப்பார்களா?

#14 டல்லாஸ்_அக்கா

அடிக்க மாட்டார்கள். ஆனால் அடிக்கலாம் என்று மேசையில் எல்லோரும் நினைப்பார்கள்.

எனக்கு நடந்தது. கடைசிச் சீட்டு விழுந்ததும் நான் ஆல்-இன். கையில் ஒரு நான்கு, மேசையில் இரண்டு நான்கு, ஆக மூன்று. எதிரில் ஒரு இளைஞர். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சிப்பை இரண்டு அடுக்காகப் பிரித்தார், திரும்ப ஒன்றாக்கினார். "உங்களிடம் ஃபிளஷ் இருக்குமோ" என்று கேட்டார். இரண்டு நிமிடம் போனது. என் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது. பிறகு மெல்ல "சரி, கால்" என்று சொல்லி ஒரு சீட்டைத் திருப்பினார், ராணி. இன்னும் கொஞ்சம் நிறுத்தி அடுத்ததையும் திருப்பினார், அதுவும் ராணி. மேசையில் ஏற்கெனவே ஒரு ராணியும் இரண்டு நான்கும். மூன்று ராணி, இரண்டு நான்கு, அதாவது ஃபுல் ஹவுஸ். அவருக்கு யோசிக்க ஒரு நொடிகூடத் தேவையில்லை.

நிச்சயம் ஜெயிக்கும் கையை வைத்துக்கொண்டு எதிராளிக்கு நம்பிக்கை கொடுத்து இழுத்தடிப்பதுதான் ஸ்லோ ரோல். இதற்கு விதிப்புத்தகத்தில் நேரடித் தண்டனை கிடையாது. நான் எழுந்து "நல்லா ஆடினீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பத்து நிமிடம் அவரைத் தமிழில் திட்டினேன். அங்கே மொழிக் கட்டுப்பாடு இல்லை.

நிஜமாகவே யோசித்து நேரம் எடுப்பது வேறு. அதைத் தப்பு சொல்லவே கூடாது.

#15 மூன்றாவது_இருக்கை

சரி, நேரம் எடுப்பதற்கு வருவோம். பரிசு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த பபிள் சமயத்தில், என்னிடம் எட்டு பிளைண்டுக்கான சிப்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு கைக்கும் ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் உட்கார்ந்தால் அடுத்த மேசைகளில் யாராவது வெளியே போவார்கள், எனக்குப் பரிசு கிடைக்கும். விதிக்கு உட்பட்டுத்தானே?

#16 பழைய_டீலர்

உட்பட்டு இல்லை, ஒளிந்து. இதற்குத்தான் கை-கைக்கு ஆட்டம் வைத்தார்கள். பரிசுக்கு ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம் என்று வந்ததும் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் ஒரு கை தொடங்கும். முடித்த மேசையின் டீலர் எழும்பி நிற்பார். எல்லாரும் முடித்த பிறகுதான் அடுத்த கை. நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் லாபம் இல்லை. மண்டபம் முழுக்க டீலர்கள் எழும்பி நிற்க, ஒரு மேசையில் மட்டும் ஒருவர் கன்னத்தில் கை வைத்து யோசிப்பார். எல்லாரும் அவரைச் சுற்றி வந்து நிற்பார்கள். நான் அப்படி நின்ற நேரங்களில்தான் என் முதுகுவலி தொடங்கியது.

அதற்கு முன்னாலேயே இழுக்கிறவர்களுக்கு கிளாக் இருக்கிறது. நியாயமான நேரம் போன பிறகு ஒருவர் "கிளாக்" என்று கேட்டால் ஃபுளோர் வந்து பார்ப்பார். டிடிஏ கணக்கில் அதிகபட்சம் 25 விநாடி, பிறகு ஐந்திலிருந்து எண்ணுவார்கள். முடிந்தால் கை போச்சு. பெரிய சுற்றுகள் சிலவற்றில் ஒவ்வொரு முறைக்கும் 30 விநாடிக் கடிகாரமே வைத்துவிட்டார்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் கையில் கொடுத்திருக்கிற டைம் சிப்பைப் போட வேண்டும். ஆனால் தம்பி கரிசல், யாருடைய வாழ்நாள் முடிவாவது அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தால் உடனே கிளாக் கேட்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு தடவை யோசிக்கிற மனிதனுக்கு இரண்டு நிமிடம் விடலாம்.

#17 மூன்றாவது_இருக்கை

ஒத்துக்கொள்கிறேன். அதையும் நான் செய்ததில்லை, சும்மா கேட்டேன். (இரண்டு முறை செய்திருக்கிறேன்.)

#18 கரிசல்காடு

ஆல்-இன் ஆனதும் இரண்டு பேரும் சீட்டைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். வீட்டில் நாங்கள் கடைசிவரை மூடித்தான் வைத்திருப்போம். அதுதானே சுவாரசியம்?

#19 பழைய_டீலர்

டிவிக்காக என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஒருவர் ஆல்-இன், இனிமேல் யாரும் பந்தயம் கட்ட முடியாது என்றானதும் எல்லாச் சீட்டும் முகம் மேலே. நீங்களும் உங்கள் மச்சானும் சேர்ந்து வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு எல்லாச் சிப்பையும் தள்ளுகிறீர்கள், அவர் கால் செய்கிறார், தோற்ற சீட்டை மூடியபடியே போட்டுவிடுகிறீர்கள். யாருக்குத் தெரியும்? திறந்து வைத்தால் இரண்டு, ஏழு வைத்துக்கொண்டு தள்ளியது மேசை முழுக்கத் தெரியும்.

இது கற்பனை இல்லை. 2025-இல் வேர்ல்ட் சீரீஸில் 1,500 டாலர் மில்லியனர் மேக்கர் போட்டி. கடைசி இரண்டு பேர் ஆடிய விதத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம். அதில் ஒருவர் ஜெயித்தால் வேறொரு நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் தனிப் பரிசும் அவருக்குக் கிடைக்க இருந்தது. நிர்வாகம் விசாரித்து, மிச்சப் பரிசை இருவருக்கும் பிரித்துக் கொடுத்து, வெற்றியாளருக்குத் தரும் பிரேஸ்லெட்டை யாருக்கும் கொடுக்காமல் முடித்தது. அத்தனை ஆயிரம் பேர் ஆடிய போட்டிக்கு வெற்றியாளரே இல்லை.

அதற்கு முந்தைய வருடம் மெயின் ஈவென்டில் இன்னொரு கதை. ஜொனாதன் டமாயோ பைனல் மேசையில் ஆடுகிறார், ஓரத்தில் அவருடைய நண்பர்கள் லேப்டாப் வைத்திருக்கிறார்கள், கைகளுக்கு நடுவில் அவர் போய்ப் பேசிவிட்டு வருகிறார். அவர் ஜெயித்து ஒரு கோடி டாலரும் வாங்கிவிட்டார், அதை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கைக்கு ஒரு ஆள் என்ற விதி எங்கே முடிகிறது என்று உலகம் முழுக்கச் சண்டை. 2025-க்கு மின்னணுச் சாதனங்கள் பற்றிய விதியை இறுக்கிவிட்டார்கள். உங்கள் நண்பனின் பிரியாணிக்கும் அந்த லேப்டாப்புக்கும் தூரம் அதிகம்தான், ஆனால் விதி ஒன்றுதான்.

அப்புறம் டீலர்களைப் பற்றி நானே சொல்லாவிட்டால் யார் சொல்வது. சீட்டைக் கீழே போடும்போது மேசையோடு சறுக்கி விடுங்கள், முகத்துக்கு எறியாதீர்கள். சிப்பைப் பானைக்குள், அதாவது மேசை நடுவில் சேரும் மொத்தப் பந்தயக் குவியலுக்குள், வீசாதீர்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று எண்ண முடியாமல் போகும். உங்கள் முன்னால் அடுக்கி வையுங்கள், நாங்கள் இழுத்துக்கொள்வோம். பானையில் மொத்தம் எவ்வளவு என்று நோ லிமிட்டில் கேட்காதீர்கள், டீலர் எண்ணிச் சொல்லக் கூடாது. அரை மணிக்கு ஒரு மேசை மாறுகிறவரிடம், கடைசிச் சீட்டில் ஆர்டின் விழுந்ததற்காக முறைக்காதீர்கள். அவர் வேண்டுமென்று போடவில்லை. சில ஆட்களுக்கு வேண்டுமென்றே போட எனக்கு ஆசை இருந்தது உண்மை.

#20 கரிசல்காடு

போய்விட்டு வந்துவிட்டேன். அறிக்கை.

"ரெய்ஸ்" என்ற வார்த்தையை முதல் ஒரு மணி நேரம் கல்யாண மண்டப மைக்கில் சொல்வதுபோல் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் "கேட்கிறது" என்றார். சீட்டின்மேல் எலிவேட்டரில் கண்டெடுத்த ஒரு ஹோட்டல் பட்டன். நண்பனுக்கு வேறு மேசை, கடவுள் புண்ணியம். சின்னச் சிப்பைப் பெரிய சிப்பாக மாற்றும்போது மிச்சமிருந்த ஒற்றை நூறுகளுக்குச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள், எனக்கு ஆஸ் விழுந்து ஒரு ஐந்நூறு கிடைத்தது. அன்றைக்கு நான் சுத்தமாக ஜெயித்தது அந்த ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

இரவு ஒன்பதரை மணி. இன்னும் பதினெட்டு பேர் போனால் பரிசு. கையில் எட்டு ஜோடி, எதிராளி யோசித்துக்கொண்டிருக்கிறார். போன் அதிர்ந்தது. அப்பா. ஊரில் காலை பத்து மணி. அப்பா சும்மா கூப்பிட மாட்டார், ஏதோ அவசரம் என்று எடுத்துவிட்டேன். "சிலிண்டர் வந்திருக்கு, பையன் வாசல்ல நிக்கிறான், உன் போனுக்கு நம்பர் வந்திருக்காம், சொல்லு." கேஸ் இணைப்பு என் இந்திய நம்பரில். மெசேஜைப் பார்த்து, கை நடந்துகொண்டிருக்கும்போது, மேசையில், சத்தமாகப் படித்தேன்.

"ஃபோர். செவன். டூ. நைன்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் எட்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். டீலரின் கை ஏற்கெனவே மேலே.

#21 டல்லாஸ்_அக்கா

ஐயோ. ஐயோ.

#22 பழைய_டீலர்

ஒன்பது வருடத்தில் இதை நான் கண்டதில்லை. தமிழில் சொல்லியிருந்தால்கூட ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். ஃபுளோர் என்ன செய்தார்?

#23 கரிசல்காடு

கை செத்தது. ஒரு சுற்று வெளியே நிற்கச் சொன்னார். மெசேஜைக் காட்டினேன், கேஸ் சிலிண்டர் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்புகிறேன் சார். ஆனால் அவருக்குத் தெரியாதே" என்று எதிராளியைக் காட்டினார். அவர் கையில் இருந்தது ஏழு ஜோடி. எனக்கு ஏழு ஒன்று கீழே போயிருக்கிறது என்று யாரோ தகவல் சொன்னதாகவே நினைத்துவிட்டாராம்.

திரும்ப உட்காரும்போது ஆறு பிளைண்ட் மிச்சம். பரிசுக்குப் பதினோரு பேர் முன்னால் வெளியே வந்தேன். லாபியில் போனைத் திறந்தால் அப்பாவிடமிருந்து ஒரு மெசேஜ்: "நம்பர் தப்பு. அது போன மாசத்தோடது. புதுசை அனுப்பு."

#24 மூன்றாவது_இருக்கை

ஆக, அது பிளஃப்.